கார் ஓடினது ஆர்?

குளிர்காலம் முழுவதும் பிறம்ரனில் ஒரு கூட்டாளியின் பேஸ்மென்றில் கிடந்த சுலக்சன், பனி கரைந்த கையோடு, ரொறொன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். அவன் பெண்சாதி நிலாணி கதவைத் திறந்தாள். காரணம் எதுவும் கேட்கவில்லை. இப்போது ஓகஸ்ட் மாதம்; அவள் வயிற்றில் ஐந்து மாதம். இதற்கு முதல் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை வீட்டுக்குள் ஒரு குரலும் உயரக்கூடாது என்று அவள் தனக்குள்ளேயே முடிவெடுத்திருந்தாள்.

இந்தப் பயணமும் அவளுடைய யோசனைதான். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கிறது பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டி. மணல் மேடுகளும் கரையோர நடைபாதையும் வைன் தோட்டங்களும், ஒரு கடைத்தெருவோடு முடிந்துவிடுகிற சின்ன ஊர்களும் உள்ள இடம். கோடை வந்தால் அவளுடைய ஒஃபிஸில் எல்லோரும் அங்கே போய்வந்து படம் காட்டுவார்கள்.

"நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போனால் ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருக்கவேணும் அம்மா. நீங்களும் அப்பாவும் வாங்கோ," என்று போனில் சொன்னாள்.

தவமணிக்கு விளங்கியது. மகளும் மருமகனும் ஒரே வீட்டில் இருந்தாலும், நடுவில் இரண்டு பேர் இருந்தால்தான் அவர்களுக்குக் கதை வரும்.

"அப்பாவுக்குச் சொல்லுறன்," என்றாள். "ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு வரட்டே?"

*

வெள்ளிக்கிழமை காலை, ஸ்காபரோ வோபர்னில் தங்கள் அப்பார்ட்மென்ற் வாசலில் நிலாணியின் தகப்பன் அன்புராசா மடக்குக் கதிரைகளோடு நின்றார். பள்ளிக்கூடங்கள் விட்டு, அவர் ஓடுகிற ஸ்கூல் பஸ் யார்ட்டில் தூங்குகிற காலம். கை சும்மா இருந்தால் அவருக்கு ஒரு மாதிரி.

"தம்பி, போகேக்கை நான் காரை ஓடுறன். நீர் கிழமை முழுக்க வேர்ஹவுசிலை முறிஞ்சனீர்."

சுலக்சன் கார்த் திறப்பை நீட்டினான். "மாமா ஓடினால் எனக்கு நல்ல நித்திரை வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசிவரை அன்புராசாவே ஓடினார். ஹைவேயை விட்டு இறங்கி, பாலம் தாண்டி, சோளமும் வைக்கோல் உருளைகளுமாக வயல்கள் வரத் தொடங்கியதும் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். பிக்ரன் என்ற ஊரில் கோப்பி குடித்தார்கள். பழைய செங்கல் கட்டிடங்களுக்கு முன்னால் பூத்தொட்டி தொங்க, ஆட்கள் அவசரமில்லாமல் நடந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு மனிசன் தவமணிக்குக் குட்மோர்ணிங் சொன்னான்.

"உவர் எங்களை அறிவாரோ?" என்று தவமணி கேட்டாள்.

"இல்லை மாமி. இஞ்சை எல்லாருக்கும் சொல்லுவினம்," என்றான் சுலக்சன்.

அதற்குப் பிறகு ஏரிக்கரை. மணல் மேட்டை ஏறி இறங்கினால் கண் எட்டுகிற வரைக்கும் தண்ணீர்.

"கடல்தான்," என்றாள் தவமணி. கொஞ்சம் நின்று மூச்சை இழுத்தாள். "ஆனால் மணம் இல்லை."

அன்புராசாவும் சுலக்சனும் முன்னால் நடந்தார்கள். தாயும் மகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலை தொடுகிற இடத்தில் மெதுவாக வந்தார்கள். நிலாணியின் கால் வீங்கியிருந்தது. குளிர்ந்த தண்ணீர் அதற்குச் சுகமாக இருந்தது.

"சந்தோசமோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"என்னைப் பாத்துச் சொல்லு."

நிலாணி தாயைப் பார்க்கவில்லை. "அவர் இப்ப நல்லா இருக்கிறார். கோபப்படுறேல்லை. நானும் ஒண்டுக்கும் எதிர்த்துக் கதைக்கிறேல்லை. பிள்ளை பிறக்கட்டும் அம்மா. பேந்து எல்லாம் சரிவரும்."

தவமணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்த்துக் கதையாமல் இருப்பதா நல்லாயிருப்பது? கேட்கத்தான் நினைத்தாள். மகளின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாள்.

மணல் மேட்டுப் புல் அன்புராசாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தும்மித் தும்மிக் கண் சிவந்து, திரும்பி வந்ததும் அலர்ஜிக் குளிசை ஒன்றைப் போட்டார். "இதைப் போட்டால் எனக்குக் கண் சொக்கும். இனி நான் ஓடமாட்டன்," என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்.

*

முதல் வைன் தோட்டத்தில் வரிசை வரிசையாக முந்திரிகைக் கொடிகள் ஏரிப்பக்கம் இறங்கிப் போயின. வெயிலில் மர வாங்குகள் போட்டிருந்தார்கள். ஒரு பெண் நீள்பலகையில் சின்னச் சின்னக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் பற்றி விளக்கம் சொன்னாள். அன்புராசா தண்ணி தொடாத மனிசன். தவமணி முந்திரிகைச் சாறு வாங்கினாள். நிலாணிக்கு வயிற்றில் பிள்ளை. ஆக, பலகை முழுவதும் சுலக்சனுக்கு.

கனகாலத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான். யாழ்ப்பாணத்தில் தான் சைக்கிளோடு கிணற்றுக்குள் விழப் பார்த்த கதையைச் சொல்லி மாமனாரையும் சிரிக்க வைத்தான். நிலாணியின் தோளில் கை போட்டான். அவளுக்கு அது பிடித்திருந்தது. பழைய சுலக்சன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

இரண்டாவது தோட்டத்தில் அவன் சின்னக் கிளாஸ் எடுக்கவில்லை. பெரிய கிளாஸ் எடுத்தான். பிறகு இன்னொன்று.

தங்குகிற இடத்துக்குப் புறப்படும்போது அன்புராசா ஏற்கெனவே பின்சீற்றில் தலையைச் சாய்த்துவிட்டார். வளைவு ரோட்டில் வயிற்றைப் பிரட்டும் என்று தவமணி முன்னுக்கு ஏறினாள். காருக்கு வெளியே புருசனும் பெண்சாதியும் நின்றார்கள். திறப்பு நிலாணியின் கைப்பையில் இருந்தது.

"நான் ஓடட்டே?" என்றாள்.

"ஏன்?"

"இல்லை... நீங்கள் குடிச்சனீங்கள்."

"வைன் தானே. வேர்த்ததோடையே போயிட்டுது." அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகக் கழன்றது. அது கழலுகிற விதத்தை நிலாணி நன்றாக அறிவாள். போன மார்கழியில் அவன் வீட்டை விட்டுப் போன சண்டையும் அப்படித்தான் தொடங்கியது. "மாமா மாமிக்கு முன்னாலை என்னைக் குடிகாரன் எண்டு காட்டப் போறியோ?"

நிலாணி கண்ணாடிக்குள் தெரிந்த தாயின் பின்தலையைப் பார்த்தாள். ஒரு நல்ல நாள். சண்டை இல்லாத ஒரு நாள்.

கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்து அவனுடைய கையில் வைத்தாள்.

*

அன்புராசாவை எழுப்பியது சத்தம் அல்ல. முன்சீற்றின் முதுகில் அவருடைய நெற்றி போய் அடித்தது. கண்ணைத் திறந்தபோது கார் ரோட்டில் இல்லை. புல்லில் சரிந்து நின்றது. யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அது நிலாணி என்று விளங்கக் கொஞ்சம் சென்றது.

"பிள்ளை, வயிறு? வயிறு அடிபட்டதோ?"

"இல்லை அப்பா... அங்கை, அங்கை பாருங்கோ!"

தவமணி அதற்குள் இறங்கி ஓடியிருந்தாள். மழைத்தண்ணி ஓடுகிற ரோட்டோரக் கானுக்குள் ஒரு சைக்கிள் வளைந்து கிடந்தது. அதற்கு அப்பால், உயர்ந்து வளர்ந்த புல்லுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஐம்பது வயது இருக்கும். ஹெல்மெற் தலையிலேயே இருந்தது. ஒரு கால் பார்க்கமுடியாத மாதிரி மடிந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"ஆளை அசைக்காதை!" என்று அன்புராசா கத்தினார். ஸ்கூல் பஸ் ஓடுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். எந்த ரோட் என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. முந்திரிகைத் தோட்டம், சிவப்புக் கொட்டில், ஏரி தெரிகிறது என்று தெரிந்ததெல்லாம் சொன்னார்.

தவமணி புல்லுக்குள் மண்டியிட்டு அந்தப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் போதாது. தெரிந்த மொழியிலேயே சொன்னாள். "ஒண்டுமில்லை பிள்ளை. ஒண்டுமில்லை. வருகினம். இப்ப வந்திடுவினம்." அந்தக் கை இவளுடைய விரல்களை இறுக்கிப் பிடித்தது.

சுலக்சன் காரின் பின்சில்லடியில் குந்தியிருந்து சத்தி எடுத்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "அம்மாணை நான் காணேல்லை மாமா. அம்மாணை நான் காணேல்லை."

அவனிடமிருந்து வைன் மணம் அடித்தது.

நிலாணி தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துக் காரின் மற்றப் பக்கம் கொண்டுபோனாள். அவளுடைய உதடு வெளுத்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. ஸ்காபரோவில் ஒரு இமிகிரேசன் லோயரின் ஒஃபிஸில் கிளாக்காக இருக்கிறவள் அவள். இப்படிப்பட்ட ஃபைல்களைத் திறந்து மூடி அவளுக்குப் பழக்கம்.

"அப்பா, நீங்கள்தான் ஓடினது எண்டு சொல்லுங்கோ."

"என்ன?"

"அவருக்குச் சிற்றிசன் இல்லை. பிறம்ரனிலை இருந்த நேரம் அந்த அலுவலை அப்பிடியே விட்டிட்டார். சிற்றிசன் இல்லாத ஆள் குடிச்சிட்டு இடிச்சால் மறியலிலை போடுறதோடை முடியாது அப்பா. திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். நான் கண்ட கேஸ். எத்தினை பேரைக் கண்டிட்டன்."

"நான் நித்திரையாய் இருந்தனான் பிள்ளை."

"நீங்கள் குடிக்கேல்லை. ஊதச் சொன்னாலும் ஒண்டும் காட்டாது. உங்களுக்கு அது ஒரு அக்சிடென்ற் மட்டும்தான். அந்த மனுசிக்குக் கால்தான் முறிஞ்சிருக்கு, கண் முழிச்சுக்கொண்டு இருக்கிறா. சுகப்பட்டிடுவா." அவள் தகப்பனின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "இதுக்குத் தகப்பன் வேணும் அப்பா. திறப்பைக் குடுத்தது நான். நான்தான் குடுத்தனான்."

தூரத்தில் சைரன் கேட்டது.

சுலக்சன் தலையை நிமிர்த்தினான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "வேண்டாம் மாமா," என்றான்.

ஒருதரம்தான் சொன்னான். அன்புராசா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னொருதரம் சொல்வானா என்று. அவன் சொல்லவில்லை. முகத்தைத் திரும்பவும் கைக்குள் புதைத்துக்கொண்டான்.

*

பொலிஸ்காரி இளம் பெண். அவளுடைய பேச்சு மரியாதையாக இருந்தது.

"யார் ஓட்டியது?"

"நான்," என்றார் அன்புராசா.

பொய் வாயில் வராது என்று நினைத்திருந்தார். வந்தது. அவ்வளவு சுகமாக வந்ததுதான் அவரைப் பயப்படுத்தியது.

கருவியை நீட்டினாள், ஊதினார். எதுவும் காட்டவில்லை. அவள் அவருடைய நெற்றியைப் பார்த்தாள். அங்கே ஒரு புடைப்பு எழும்பிக்கொண்டிருந்தது.

"எதில் அடிபட்டது?"

"ஸ்ரியறிங்கிலை."

இது இரண்டாவது பொய். முதலாவதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். இதை அவரே உண்டாக்கினார்.

அவள் எழுதிக்கொண்டாள். சரிந்து நின்ற காரைச் சுற்றி வந்தாள். நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்த ஓட்டுகிற பக்கத்துச் சீற்றையும் அன்புராசாவின் உயரத்தையும் ஒருமுறை பார்த்த மாதிரி அவருக்குப்பட்டது. அவர் குட்டை, சுலக்சன் நெட்டை. ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாக்குமூலம் எடுக்கவேணும், அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அடிபட்ட பெண்ணை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். தவமணியின் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

கர்ப்பிணி என்றபடியால் நிலாணியையும் இன்னொரு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பின்னால் மற்றவர்களைப் பொலிஸ் வாகனம் கொண்டுவந்து விட்டது. எல்லோரும் போய்ச் சேர்ந்தது ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

*

திரைச்சீலைக்கு உள்ளே நிலாணியின் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, நேர்ஸ் கருவியை வைத்து அழுத்தினாள். முதலில் இரைச்சல். பிறகு பிள்ளையின் இதயம் வேகவேகமாக அடிக்கிற சத்தம்.

"கேட்கிறதா? நன்றாக இருக்கிறது," என்றாள் நேர்ஸ்.

நிலாணி கண்ணை மூடினாள். அழுகை வந்தது. அந்த நேரத்தில்தான் சுவருக்கு அப்பால் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் டொக்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கதவு அடிபட்டது. இவளுக்குப் பக்கத்தில் நின்ற நேர்ஸ் ஒரு கணம் தலையைத் திருப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் துணியால் ஜெல்லைத் துடைத்தாள்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் தவமணி கையைப் பார்த்தபடி இருந்தாள். நகத்துக்குள் மண்ணும் இரத்தமும் காய்ந்திருந்தது. கழுவிவிட்டு வா என்று அன்புராசா இரண்டு தரம் சொல்லிவிட்டார். அவள் எழும்பவில்லை.

"எங்கை சுலக்சன்?"

"வெளியிலை நிக்கிறான். உள்ளுக்கு வரவேண்டாம் எண்டு சொன்னனான். மணக்குது."

"பொலிஸ் அவனைப் பிடிக்கேல்லையோ?"

அன்புராசா தரையைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, உங்களைத்தான் கேக்கிறன்."

"நான்தான் ஓடினது எண்டு சொன்னனான்."

தவமணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவள் அப்போது கானுக்கு அப்பால் புல்லுக்குள் இருந்தாள். காருக்கு மற்றப் பக்கத்தில் தகப்பனும் மகளும் என்ன கதைத்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நீங்கள் நித்திரை."

"தெரியும்."

"குறட்டை விட்டுக்கொண்டு நித்திரை. நான் முன்னுக்கு இருந்தனான். என்ரை கண்ணாலை பாத்தனான்."

"மெல்லக் கதை. பேரப்பிள்ளைக்குத் தகப்பன் வேணும் எண்டு பிள்ளை கையைப் பிடிச்சுக் கெஞ்சுறாள். நான் என்ன செய்யிறது? அந்த மனுசி சுகமாகி வந்தால் நாங்கள் போய்ப் பாப்பம், வேண்டியதைச் செய்வம். எனக்கு என்ன, பஸ் ஓடுறதை விட்டிட்டு வீட்டிலை இருப்பன். அவனை அனுப்பிப் போட்டால்?"

"அனுப்பட்டும்."

அன்புராசா நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் தவமணி இப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

"உங்கடை மகள் அவனுக்குப் பயத்திலை வாய் திறக்கிறேல்லை," என்றாள் தவமணி. குரல் உயரவில்லை. "காலமை தண்ணிக்கை நிண்டு என்னட்டை அதைத்தான் சொன்னவள். எனக்குத்தான் நேரத்துக்கு விளங்கேல்லை."

அந்த நேரம் நிலாணி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். "பேபி ஓகே அம்மா," என்றாள். தாய் மகளைக் கட்டிப்பிடித்து, கனநேரம் விடாமல் நின்றாள்.

*

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்து ஒரு மனிசன் ஓடிவந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு, இடுப்பில் ஆணிப்பை. கழற்ற மறந்திருக்கவேண்டும். வரவேற்பு மேசையடியில் இருந்த பெண்ணிடம், "கரோலின். என் மனைவி கரோலின்," என்றார். அவள் எழும்பி வந்து அவரை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் டொக்டர் போனார். கதவு மூடியது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்புராசா அப்போதுதான் அறிந்தார்.

அறைக்குள் இருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. ஒரு கதிரை விழுகிற சத்தம் மட்டும் வந்தது.

நிலாணி வாயைப் பொத்தினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. சுவருக்கு அப்பால் ஆட்கள் ஓடியது யாருக்காக என்றும் விளங்கிவிட்டது. "கால்தான் முறிஞ்சது," என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறி முணுமுணுத்தாள். "கால் மட்டும்தானே அப்பா. கண் முழிச்சுக்கொண்டுதானே இருந்தவ."

அன்புராசா மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முதல் அவர் தன் தலையில் எடுத்துக்கொண்டது ஒரு முறிந்த கால். இப்போது அது ஒரு சாவு. எடுத்ததை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. அந்த மனிசன் வெளியே வந்தார். நேரே வெளிவாசலுக்குத்தான் போனார். பாதியில் நின்று, அங்கே இருந்த மூன்று கறுத்த முகங்களையும், அன்புராசாவின் நெற்றிப் புடைப்பையும், தவமணியின் கையில் காய்ந்திருந்த இரத்தத்தையும் பார்த்தார். அவர்களிடம் வந்தார்.

"நான் கிளென்," என்றார். "நீங்கள்தான் ஓட்டினீர்களா?"

அன்புராசா எழும்பினார். அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

"ஓம். நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

கிளென் அடிக்கவில்லை. எதிரே இருந்த கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"அவள் எனக்குப் போன் எடுத்தாள். சைக்கிள் ரயர் காற்றுப் போய்விட்டது, ட்ரக்கைக் கொண்டு வந்து ஏற்று என்றாள். நான் கொட்டில் கூரையில் நின்றேன். இந்தத் தகரத்தை அடித்துவிட்டு வருகிறேன், நில் என்றேன்." தன் கையைப் பார்த்தார். "நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். நான் சொன்னபடி அவள் ஓரமாக நின்றுகொண்டிருந்தாளா? இல்லை, நான் வரவில்லை என்று ரோட்டால் நடக்கத் தொடங்கிவிட்டாளா? நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவளைக் கடைசியாக எழும்பி நின்றபடி பார்த்தவர் நீங்கள்தான்."

அன்புராசா வாயைத் திறந்தார்.

கரோலின் எழும்பி நின்றதை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை. புல்லுக்குள் கிடந்ததைத்தான் பார்த்தார். நின்றாளா, நடந்தாளா, எந்தப் பக்கம், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு? பொலிசுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. இந்த மனிசன் ஒரு பெண்ணின் கடைசி நிமிடத்தைக் கேட்கிறார். அதை உண்டாக்கிக் கொடுக்கவேணும். நின்றாள் என்று சொன்னால் ஓடினவன் மேல் பிழை. நடந்தாள் என்று சொன்னால் அவருடைய செத்த பெண்சாதிமேல் பிழை.

"அவ... அவ..." என்றார். அதற்குமேல் வரவில்லை. திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"அப்பா அதிர்ச்சியில் இருக்கிறார்," என்று நிலாணி ஆங்கிலத்தில் அவசரமாகக் குறுக்கிட்டாள். "எல்லாம் சட்டென்று நடந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் நினைவில் இல்லை."

"தயவுசெய்து," என்றார் கிளென்.

"நான் பாத்தனான்."

சொன்னது தவமணி. தமிழில். கிளென் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அவருக்குச் சொல்லு. அவ நிண்டவ. ரோட்டிலை இல்லை, புல்லிலை. சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு ஓரமா நிண்டவ. அவவிலை ஒரு பிழையும் இல்லை."

நிலாணி மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். கிளென் கண்ணை மூடினார். மூடிய கண்ணால் தண்ணீர் வழிந்தது. "நன்றி," என்றார். "நின்றிருக்கிறாள். நான் சொன்ன மாதிரியே நின்றிருக்கிறாள்."

"நான் அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான் எண்டும் சொல்லு. தனிய இருக்கேல்லை எண்டு சொல்லு."

அதையும் சொன்னாள். கிளென் எட்டித் தவமணியின் கையைப் பிடித்தார். மண்ணும் இரத்தமுமாக இருந்த அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தார்.

இதோடு முடியும் என்று நிலாணி நினைத்தாள்.

"மிச்சத்தையும் சொல்லு," என்றாள் தவமணி.

"அம்மா, காணும், விடுங்கோ."

"காணாது. இந்த மனிசன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நன்றி சொல்லுறார். நான் எப்பிடிப் பிள்ளை இதை வாங்கிக்கொண்டு வீட்டை போறது?" தவமணி மகளைப் பார்க்கவில்லை. கிளெனைப் பார்த்துத்தான் கதைத்தாள். தன் கதை அவருக்கு விளங்காது என்று தெரிந்தும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "காரை ஓடினது சுலக்சன். பாட்டு மாத்தக் குனிஞ்சவன். நான் 'தம்பி!' எண்டு கத்தினனான். சுலக்சன் நிமிரேக்கை கார் புல்லுக்கை போயிட்டுது."

"உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?" என்று கிளென் கேட்டார்.

நிலாணி ஒஃபிஸில் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்தவள். சொன்னதைச் சொன்னபடி சொல்வேன் என்று கையெழுத்துப் போட்டு மொழிபெயர்த்தவள்.

"உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறாராம்," என்றாள்.

கிளென் தலையாட்டினார். நன்றி சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்தினார். அவருடைய நெற்றி சுருங்கியது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு சொல் இரண்டு தரம் வந்தது அவருக்குக் கேட்டிருந்தது.

"சுலக்சன்," என்றார், அந்தப் பெயரை நாக்கில் தட்டுத் தடுமாறி. "அது யார்?"

வாக்குமூலம் எடுக்க வந்து கதவடியில் போனில் கதைத்துக்கொண்டு நின்ற பொலிஸ்காரி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

அன்புராசா கதிரையின் இரண்டு கையையும் அழுத்திப் பிடித்து, மெதுவாக எழும்பி, பொலிஸ்காரியின் பக்கம் திரும்பினார்.